அடிமட்டத்தால் நட்சத்திரம் அளந்தவர்

உலகத்தில் நட்சத்திரங்களின் வேகத்தை உருக்கு அடிமட்டத்தால் அளந்த மனிதர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே மேசையில் சில வருடங்கள் வேலை செய்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். இன்னொருவர் எங்காவது இருந்திருந்தால் வானியல் என்ற துறையையே இழுத்து மூடியிருப்பார்கள்.

எங்கள் வளாகத்தில் அவருக்குப் பெயர் அடிமட்டத்தார். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், சிற்றுண்டிச்சாலைக்காரர் முகத்துக்கு நேரே சொன்னார். சொந்தப் பெயர் சம்பளப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. ஒருமுறை புதிதாக வந்த கிளாக்கர் அந்தப் பெயரைச் சொல்லி உரத்துக் கூப்பிட்டபோது, மற்றவர்களோடு சேர்ந்து அவரும் திரும்பி, யார் அது என்று பார்த்தார்.

வந்தாறுமூலையில், பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பகுதியின் கடைசி அறை எங்களுடையது. நான் அப்போதுதான் பட்டம் முடித்த செய்முறை உதவியாளர். அவர் தற்காலிக விரிவுரையாளர். அந்தத் தற்காலிகம் நான் பாலர் வகுப்பில் இருந்தபோதே தொடங்கியிருந்தது. அவருடைய அடிமட்டம் இரண்டடி நீளம். அதைச் சட்டைக்குள் முதுகோடு ஒட்டிச் செருகியிருப்பார். நுனி கொலருக்கு மேலே மினுங்கும். அதனால் குனிய முடியாது. சோறு சாப்பிடும்போது நிமிர்ந்து, சைக்கிள் ஓடும்போது நிமிர்ந்து, ஆமிக்காரனிடம் அடையாள அட்டை நீட்டும்போதும் நிமிர்ந்து. தெரியாதவர்கள் திமிர் பிடித்த மனிதர் என்று நினைத்தார்கள். தெரிந்த நாங்கள், அடிமட்டத்தைக் கழற்றி வைத்த நாளிலும் அவர் அப்படித்தான் இருந்தார் என்பதைக் கவனித்திருந்தோம்.

வேலை என்னவென்று சொல்லாவிட்டால் மனிதர் பிடிபட மாட்டார். தூர தேசத்து மலை ஒன்றின் மேல் ஒரு தொலைநோக்கி. அது ஒரே தடவையில் நூறு நட்சத்திரங்கள் போலப் பிடித்து, ஒவ்வொன்றின் ஒளியையும் நிறம் நிறமாக விரித்துப் பதிவு செய்யும். இப்படியே வானத்தின் பெரும்பகுதியை அள்ளி முடிப்பது திட்டம். விரித்த ஒளியில் ஆங்காங்கே கறுப்புக் கோடுகள் விழும். நட்சத்திரத்திலுள்ள கல்சியம், இரும்பு போன்றவை அந்த இடத்து நிறத்தை விழுங்கிவிடுவதால் வருபவை. எந்தக் கோடு எந்த இடத்தில் விழவேண்டும் என்பது ஏற்கனவே தெரியும். நட்சத்திரம் எங்களை விட்டு விலகிப் போனால் கோடுகள் சிவப்புப் பக்கம் தள்ளி விழும். எங்களை நோக்கி வந்தால் நீலப் பக்கம். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தால் வேகம் வந்துவிடும்.

பெரும்பாலானவற்றைக் கணினியே அளந்துவிடும். சிலவற்றில் ஒளி மங்கலாக இருக்கும். எது கோடு, எது குப்பை என்று கணினி குழம்பும். அப்படித் தள்ளப்பட்டவற்றை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியின் பழைய மாணவர் ஒருவர் அந்தத் திட்டத்தில் பேராசிரியராக இருந்தார். ஊர்ப் பற்றினால், தள்ளப்பட்ட நட்சத்திரங்களை இறுவட்டுகளில் பதிந்து தபாலில் எங்களுக்கு அனுப்பினார். அந்தப் பெரிய வான் அளவாய்வில் மட்டக்களப்புக்குக் கிடைத்த பங்கு இதுதான்: மங்கலானவை, குழப்பமானவை, சந்தேகத்துக்கு உரியவை. எங்களுக்குப் பழக்கமான வகை.

நான் கணினித் திரையில் பார்த்து அளந்தேன். அடிமட்டத்தார் திரையை நம்பவில்லை.

“அது வெறும் வெளிச்சம் புள்ள. வெளிச்சத்துக்கு மேல அடிமட்டம் வைக்கேலுமா?”

“நட்சத்திரமும் வெளிச்சந்தானே சேர்.”

“அதுதான் பேப்பரில பிடிச்சு வைக்கச் சொல்லுறன்.”

ஆகவே ஒரு நட்சத்திரத்துக்கு ஓர் அகலத் தாள் வீதம், கிறீச்சிடும் பழைய அச்சுப்பொறியில் அடித்துக் கொடுத்தோம். தாளின் அடியில் அளவுக்கோடுகளும் அச்சாகியிருக்கும். அவற்றை வைத்து அளப்பதுதான் முறை. அவர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அச்சுப்பொறியின் நாடா பழசானால் பொய் சொல்லும், உருக்கு சொல்லாது என்பது அவர் கொள்கை. தாளின் இடது ஓரத்தில் அடிமட்டத்தை வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, உண்மையான கோடு எதுவென்று பென்சிலால் குறித்து, மில்லிமீற்றரில் அளப்பார். அந்தத் தாளில் ஒரு மில்லிமீற்றர் என்றால் செக்கனுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பென்சில் முனை கொஞ்சம் சறுக்கினால் ஒரு நட்சத்திரம் திசை மாறிவிடும். அதனால் அவர் அளக்கும்போது மின்விசிறி போடக்கூடாது, கதவை அடிக்கக்கூடாது, தும்மக்கூடாது. தும்மல் வந்தால் நான் தாழ்வாரத்துக்கு ஓடுவேன்.

அவர் வீடு வாவியைக் கடக்கும் பாலத்துக்கு அங்கால, மேற்கே படுவான்கரையில், கரையை ஒட்டி. அங்கே மின்சாரம் இல்லை. தாள்களை யூரியாப் பைகளில் கட்டி சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுபோய், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அளப்பார். இத்தனை நட்சத்திரங்களை அளந்தவர் வானத்தை அண்ணாந்து பார்த்ததை நான் கண்டதில்லை. பொழுதுபட்ட பிறகு வெளியே நின்று மேலே பார்ப்பது அந்தக் காலத்தில் புத்தியுள்ளவர்கள் செய்யும் காரியமல்ல.

பாலத்துக்கு இந்தப் பக்கம் அரசாங்கம், அந்தப் பக்கம் இயக்கம். சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் என்பதால் போய் வரலாம். அரசாங்கம் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. இயக்கம் அதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. அதனால் பாலத்தைக் கடந்து இங்கால வந்தால் அரை மணித்தியாலம் வயது கூடும். திரும்பிப் போனால் குறையும். அடிமட்டத்தார் வலக்கையில் ஒரு மணிக்கூடு, இடக்கையில் ஒரு மணிக்கூடு கட்டியிருந்தார். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் பிந்தி வருவார். பகுதித் தலைவர் முறைத்தால் வலக்கையை நீட்டி, தங்கள் பக்கத்தில் இப்போதுதான் எட்டு மணி என்பார். பின்னேரம் வீட்டுக்குப் போகும் நேரத்தை இடக்கை சொல்லும். ஒரு நாளும் கை மாறியதில்லை.

பின்னர் ஒரு சித்திரையில் அரசாங்கமே மனம் மாறிக் கடிகாரத்தைப் பழைய நேரத்துக்குத் திருப்பியது. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருடங்களாகத் தான் சொன்னதை நாடு இப்போதுதான் விளங்கிக்கொண்டது என்று சிற்றுண்டிச்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்தார். இடக்கை மணிக்கூட்டைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். மறுநாளும் அரை மணித்தியாலம் பிந்தித்தான் வந்தார்.

இடையில் கடல் ஊருக்குள் வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு கடற்கரையோரக் கல்லடியில் இருந்தது. அம்மா, தம்பி, நான் மூவரும் கல்லடிப் பாலத்தால் ஓடித் தப்பி, டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஏறினோம். பெரியப்பா வீட்டில் யாரும் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஆர் ஆர் மிச்சம்? நானும் ஒரே பட்டியலை ஒப்புவித்தேன். முதலில் இருப்பவர்கள், பிறகு இல்லாதவர்கள், பிறகு தெரியாதவர்கள். மூன்றாவது பட்டியலில் இருந்து இரண்டாவதற்கு ஒவ்வொரு பெயராக இறங்கியது. கேட்டவர்கள் அழுதார்கள், அழுதவர்களை நான் தேற்றினேன். பேசிப் பேசி வாய் உலர்ந்துபோன ஒரு பகலில் அடிமட்டத்தார் வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, நிமிர்ந்தபடி என் முன்னால் நின்றார். ஆர் மிச்சம் என்று கேட்கவில்லை.

“நாலாம் கட்டு உங்களிட்டத்தானே புள்ள இருந்த?”

எது கோடு என்று ஒருவர் குறித்ததை மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அதற்காக அவருடைய நாலாம் கட்டுத் தாள்களை நான் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். ஒரு தவணை முழுக்க அவர் அரிக்கன் லாம்பில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அளந்தவை. எதையாவது எடுத்து அவர் மேல் எறியலாம் போல இருந்தது. எறிவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

“கடலில சேர்,” என்றேன்.

“சரி. இறுவட்டு கந்தோர் அறையிலதான் கிடக்கு. திரும்ப அச்சடிப்பம்.”

அந்தக் கிழமையில் நான் இழந்தவற்றில் திரும்ப அச்சடிக்கக்கூடியது அது ஒன்றுதான். அவர் போன பிறகு சுவரோரம் ஒரு யூரியாப் பை இருப்பதைக் கண்டேன். அதற்குள் அவர்களுடைய வட்டை வயலில் விளைந்த அரிசி, தேங்காய்கள், மடித்து வைத்த இரண்டு சேலைகள். சேலைகள் அவர் மனைவி கமலாக்காவினுடையவை என்று பின்னர் அறிந்தேன். அடுத்த மாதம் அடிமட்டத்தார் நாலாம் கட்டை மீண்டும் முதல் தாளிலிருந்து அளக்கத் தொடங்கினார்.

கடிகாரம் திரும்பிய வருடத்தில் பேராசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மரியாதையான மனிதர், மரியாதையாகவே எழுதியிருந்தார். அடிமட்டத்தார் அளந்த நட்சத்திரங்களில் ஒரு விசித்திரம் இருக்கிறதாம். வெயில் காலத்தில் அளந்தவை சரி. கார்த்திகை தொடக்கம் தை வரை அளந்தவை மட்டும், எல்லாமே, செக்கனுக்கு முப்பது கிலோமீற்றர் போலக் கூடுதல் வேகத்தில் விலகி ஓடுகின்றனவாம். மாரி பெய்தால் வானம் முழுவதும் மட்டக்களப்பை விட்டு ஓடுகிறது.

பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் செக்கனுக்கு முப்பது கிலோமீற்றர்தான். ஆகவே பூமியின் ஓட்டத்தைக் கழிக்கும்போது எங்கேயோ தவறு செய்திருக்கிறீர்கள் என்பது பேராசிரியரின் ஊகம். அடுத்த வெளியீட்டுக்குள் காரணத்தைக் கண்டு திருத்த வேண்டும், இல்லாவிட்டால் அவர் அளந்தவை அத்தனையையும் நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று முடித்திருந்தார்.

அடிமட்டத்தார் அதை அச்சடித்து வாங்கி, வழக்கம்போல எழுந்து நின்று வாசித்தார்.

“பூமி சுத்துறது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாரா?” என்றார். பிறகு உட்கார்ந்தார். அன்று முழுவதும் ஒரு நட்சத்திரமும் அளக்கவில்லை. மின்விசிறியைப் போட்டேன், அதையும் கவனிக்கவில்லை. அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதற்குள் வீடு கட்டியிருந்தார்கள், காணி வாங்கியிருந்தார்கள், கனடா போயிருந்தார்கள். இவர் அத்தனை வருடத்தில் சேர்த்து வைத்தது அந்தத் தாள்களைத்தான்.

கழித்தல் எல்லாவற்றையும் இருவரும் மீண்டும் போட்டுப் பார்த்தோம். தவறு இல்லை. அடுத்த மாரி வந்தது. ஒரு நாள் மழையில் நனையாமல் பொலித்தீன் சுற்றிக் கொண்டுவந்த தாள் ஒன்றை மேசையில் விரித்து, ஒரு கோட்டின் இடத்தைச் சொன்னார். நான் அதே தாளைக் கணினி அறைக்கு எடுத்துப் போய் அதே அடிமட்டத்தால் அளந்தேன். எங்கள் பகுதியில் ஏசி இருந்த ஒரே அறை அது. எனக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் குறைவாக வந்தது. என் கண்ணை டொக்டரிடம் காட்டச் சொன்னார். நான் அவர் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன். தேநீர் குடித்துவிட்டு வந்து, தீர்த்துவிடுவோம் என்று ஏசி அறையில் அவரே அளந்தார். இரண்டு தரம் அளந்தார். அடிமட்டத்தைத் திருப்பி வைத்து மூன்றாம் தரம் அளந்தார். இப்போது அவருக்கும் என்னுடைய கணக்கே வந்தது. காலையில் எடுத்ததைவிடக் குறைவு.

தாள் சுருங்கியிருந்தது.

வாவிக்கரை வீடு, மாரிக் காற்று, கூரையில் தொங்கிய யூரியாப் பை. ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தாள்கள் விரிந்திருக்கின்றன. விரிந்த தாளில் கோடுகள் சிவப்புப் பக்கம் தள்ளிப் போயிருக்கின்றன. உருக்கு அடிமட்டம் விரியவில்லை. அச்சிட்ட அளவுக்கோடுகளை வைத்து அளந்திருந்தால் கோடுகளும் தாளோடு சேர்ந்து விரிந்திருக்கும், பிழையே வந்திராது. உருக்கின் நேர்மையால் வந்த வினை.

அவர் தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நட்சத்திரம் ஓடேல்ல,” என்றார். “பேப்பர்தான் ஓடியிருக்கு.”

அதோடு அளவுக்கோடுகளை ஏற்றுக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். முதலில் கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் தாள்களைத் தேய்த்துக் காயவைத்துப் பார்த்தார். இரண்டு நட்சத்திரங்கள் கருகின. கமலாக்கா ஸ்திரிக்கைப் பெட்டியை ஒளித்து வைத்த பிறகுதான் வழிக்கு வந்தார். மாரியில் அளந்த எல்லாத் தாள்களையும் அச்சிட்ட அளவுக்கோடுகளை வைத்து மீண்டும் அளப்பது என்று முடிவானது. புதிதாக அச்சடிக்க வழியில்லை. வேலை முடிந்த இறுவட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். எது கோடு என்று அவர் பென்சிலால் குறித்ததும் அந்தத் தாள்களில்தான். அவை போனால் எல்லாம் போச்சு.

தாள்கள் படுவான்கரையில். சண்டையும் அங்கேதான் தொடங்கியது.

பாலத்தை மூடினார்கள். அவர் வேலைக்கு வரவில்லை. ஷெல் விழும் சத்தம் வகுப்பறை வரைக்கும் கேட்டது; நாங்கள் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்தி, கேட்டுவிட்டு, தொடர்ந்து எழுதினோம். பிறகு ஒரு நாள் அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. வீதியோரம் தறப்பாள் கூடாரங்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றில் அவர்களைக் கண்டுபிடித்தேன். கமலாக்கா என்னைக் கண்டதும் அழவில்லை, கணக்குத் தீர்த்தார்.

“இந்த மனிசன் என்ன கொண்டு வந்தெண்டு கேளு புள்ள. சனம் நெல்லு மூட்டைய ஏத்துது, தையல் மெசின ஏத்துது. இவர் சைக்கிளில கடதாசி ஏத்துறார். சட்டி பானையெல்லாம் என்ட தலையில.”

“சட்டி வாங்கலாம்,” என்றார் அவர், கூடாரத்தின் உள்ளேயிருந்து.

“வாங்கித் தாங்கவன் பாப்பம்.”

ஆனால் கடதாசியும் வந்து சேரவில்லை. மிச்சக் கதையைக் கமலாக்காதான் சொன்னார். பாலத்துக் காவலரணில் பைகளை அவிழ்க்கச் சொன்னார்களாம். ஒவ்வொரு தாளின் தலையிலும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் டார்கெட் என்று அச்சாகியிருக்கும். எங்கள் தொழிலில் பார்க்கப்படும் நட்சத்திரத்துக்கு அதுதான் பெயர். அதன் கீழே ஓர் இலக்கம், இடத்தைக் காட்டும் எண்கள், திகதி, நேரம், அவர் பென்சிலால் எழுதிய வேகம். படுவான்கரையிலிருந்து வரும் ஒரு தமிழன், முதுகுக்குள் இரண்டடி உருக்கு, சைக்கிளில் மூன்று பை நிறைய இலக்குகள். ஆமிக்காரன் துவக்கைத் தூக்கினானாம். இவர் நிமிர்ந்து நின்று, கோடுகள் சிவப்புப் பக்கம் ஏன் நகர்கின்றன என்று ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினாராம்.

அந்த இடத்தில் கமலாக்கா தலைச் சுமையை இறக்கி வைத்து, நடுவில் புகுந்து, தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லைச் சொன்னார்: பிஸ்ஸு. பைத்தியம். கணவனைக் காட்டிச் சொன்னார், கடதாசியைக் காட்டிச் சொன்னார், வானத்தைக் காட்டிச் சொன்னார். பொய் கலக்க வேண்டிய தேவை இருக்கவில்லை; இருபது வருட அனுபவம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. ஆமிக்காரன் துவக்கை இறக்கினான். ஆளை விட்டுவிட்டார்கள். பைகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

முகாமில் மற்றவர்கள் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்க, அடிமட்டத்தார் ஒவ்வொரு நாளும் காவலரணுக்குப் போய்த் தன் நட்சத்திரங்களைக் கேட்டார். அடி விழாதது அதிசயம். சண்டை அதற்குள் தூர நகர்ந்திருந்தது, ஆமிக்காரர்களுக்கும் பொழுது போகவில்லை. அவர்களில் தமிழ் கொஞ்சம் பேசும் ஓர் இளைஞன், நட்சத்திரம் என்றால் சாத்திரம் என்று விளங்கிக்கொண்டான். தனக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று பார்த்துச் சொன்னால், தாள்களை அங்கேயே கொட்டிலுக்குள் வைத்து அளக்கலாம், ஆனால் ஒன்றையும் வெளியே கொண்டு போகக்கூடாது என்றான். அடிமட்டத்தார் முகம் சிவந்தது. தான் விஞ்ஞானி, சாத்திரி அல்ல என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டார்.

அன்று கூடாரத்துக்குள் நடந்த சண்டையை அந்தக் கூடார வரிசை முழுவதும் கேட்டது. மறுநாள் கமலாக்காவும் கூடப் போனார். அந்த இளைஞனின் கையைப் பிடித்துப் பார்த்து, லீவு கிடைக்கும், சுகமாக வீட்டுக்குப் போய்ச் சேருவாய், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா என்றார். அடுத்தவன் வந்தான். அவனுக்கும் அதையேதான் சொன்னார், இளைஞன் சிங்களத்தில் மாற்றிச் சொன்னான். வந்த ஒவ்வொருவனுக்கும் அதையேதான் சொன்னார்.

“ஆதாரம் இல்லாமச் சொல்லுறாய்,” என்று அடிமட்டத்தார் பல்லைக் கடித்தார்.

“நீங்க ஆதாரத்தோட சொன்னதும் பிழையாத்தானே போன. பேசாம அளங்க.”

இப்படியாக, மணல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டு, பெரிய வான் அளவாய்வின் மட்டக்களப்புப் பிரிவு மீண்டும் இயங்கியது. நான் கிழமைக்கு ஒருமுறை போய் எண்களைப் பெற்று வருவேன். ஆனால் முகாமில் வேறு பேச்சு எழுந்தது. ஒரு மனிதன் நாள் தவறாமல் ஆமிக் கொட்டிலுக்குப் போய்க் கடதாசியில் குறிக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? ஆட்களைக் காட்டிக் கொடுப்பவன் என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால், இரவில் யார் வந்து கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாத காலம் அது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் பயந்து, போதும் சேர், விட்டுவிடுங்கள் என்றேன். பகுதித் தலைவரும் சொல்லியனுப்பினார். மாரித் தாள்களில் பாதி இன்னும் மிச்சம் என்றார் அடிமட்டத்தார்.

வழி கண்டது கமலாக்கா. அடுத்த நாளிலிருந்து முகாம் வாசல் தொடக்கம் பாலம் வரைக்கும், திரும்பும்போது பாலம் தொடக்கம் முகாம் வரைக்கும், வாயை மூடாமல் கணவனைத் திட்டிக்கொண்டே நடந்தார். கடதாசிக்குப் பிறந்தவரே என்றார். ஊர் உலகத்தில் புருசன்மார் மண் வெட்டுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், எனக்கு வாய்த்தது வானத்தில் கோடு கீறுகிறது என்றார். எந்தக் கோடு, எத்தனை மில்லிமீற்றர், எந்த மழையில் ஊதிப்போனது என்று விபரம் விபரமாகத் திட்டினார். சில நாட்களில் முகாமில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஈரத்தில் தாள் விரியும் என்பது பாடமாகிவிட்டது. இப்படித் திட்டு வாங்குகிறவன் இரகசியம் எதையும் வைத்திருக்க முடியாது என்று சனம் முடிவு கட்டியது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் மறுபடி பேசினார், அதுவும் அனுதாபத்தோடு. அதற்குள் கமலாக்காவே அவர் கையிலிருந்த பூதக்கண்ணாடியை வாங்கி அளக்கவும் தொடங்கியிருந்தார். அவரைவிட வேகம். திட்டுவதற்கு நேரம் மிச்சம் பிடிக்க வேண்டுமே.

மாரித் தாள்கள் முடிந்தன. எண்களை நான் கணினியில் ஏற்றினேன், பேராசிரியருக்கு அனுப்பினோம். கிடைத்தது, அடுத்த வெளியீட்டுக்கான சரிபார்ப்பில் சேர்க்கப்படும் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். சனம் படுவான்கரைக்குத் திரும்பிப் போனது. அவர்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, போட்டார்கள். அடிமட்டத்தார் பழையபடி அரை மணித்தியாலம் பிந்தி வேலைக்கு வந்தார். ஒவ்வொரு நாள் காலையும் என் கணினியின் பக்கம் பார்ப்பார், வாய் திறந்து கேட்க மாட்டார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். ஒரு வருடத்துக்கு மேல் இதுவே எங்கள் காலை வணக்கம்.

பிறகு வன்னியில் கடைசிச் சண்டை. எல்லோருக்கும் அங்கே யாராவது இருந்தார்கள். கமலாக்காவின் தங்கை குடும்பம் இருந்தது. அந்த மாதங்களில் நான் சந்தித்தவர்கள் எல்லோருடைய கண்ணும் ஒரே மாதிரி இருந்தது. வேலை நடந்தது, வகுப்புகள் நடந்தன, யாரும் எதையும் முழுதாகச் செய்யவில்லை. அடிமட்டத்தார் வருவதை நிறுத்தினார். நாள் முழுக்க றேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று கமலாக்கா தொலைபேசியில் சொன்னார். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். வீதியில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

அதற்குச் சில நாட்களின் பின், வெறிச்சோடிக் கிடந்த வளாகத்தில் கணினியைத் திறந்தபோது பேராசிரியரின் மின்னஞ்சல் வந்திருந்தது. மாரிக் குறைபாடு முற்றாக நீங்கிவிட்டது, எல்லா அளவீடுகளும் வெளியீட்டில் சேர்க்கப்படும் என்று முதல் பந்தி. இனிமேல் இந்த வேலையைப் புதிய மென்பொருளே செய்யும், உங்கள் பகுதியின் பணி இத்துடன் நிறைவு பெறுகிறது, நன்றி என்று இரண்டாம் பந்தி. இரண்டையும் மீண்டும் வாசித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

கமலாக்கா குரலைத் தாழ்த்திப் பேசினார். தங்கையும் பிள்ளைகளும் வவுனியா முகாமில் இருப்பதாக அன்று காலையில்தான் தகவல் வந்ததாம். அதைக் கேட்டுவிட்டு மனிதர் அப்படியே பாயில் சரிந்தவர்தானாம்.

“எத்தனை நாளைக்குப் புறகு கண்ணை மூடிக் கிடக்கார். என்ன புள்ள, நல்ல சேதியா? எழுப்பட்டா?”

“நல்ல சேதிதான் அக்கா. எழுப்ப வேணாம்.”

தொலைபேசியை வைத்தேன். மின்னஞ்சலை மூடவில்லை. அவர் தூங்கி எழும்பி எனக்குத் தொலைபேசி எடுக்கட்டும் என்று, அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.